திரும்பிப் போக நினைப்பது குற்றமல்ல

கடியப்பட்டணத்தில் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவரைப் பார்த்தால் ஊர் கேட்கும் கேள்வி, "திரும்ப எப்ப போறிய?" என்பதுதான். சவுதியிலோ பஹ்ரைனிலோ அடுத்தவர் படகில் வலை இழுத்துவிட்டு வந்த மனிதர் அவர். கடன் அடையவில்லை, வீடு பாதியில் நிற்கிறது, தங்கை கல்யாணம் வருகிறது. அவர் போக நினைப்பதை யாரும் தப்பாகப் பேசுவதில்லை.

படிக்கப் போய்வந்த பிள்ளை அதையே சொன்னால் மட்டும் முகம் சுளிக்கிறோம். உதவித்தொகையில் வெளிநாட்டில் ஓராண்டு முதுகலை படித்துவிட்டு வந்து, இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்திருக்கிறாள் ஒரு பெண். மனம் இங்கே ஒட்டவில்லை, திரும்பிப் போக வேண்டும் என்கிறாள். வீட்டில் "நாலு எழுத்து படிச்சதும் ஊரு கசக்குதா?" என்கிறார்கள். இயக்கத் தோழர்களோ "களத்தை விட்டு ஓடுகிறாய்" என்கிறார்கள். இரண்டுமே அநியாயம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

அந்த ஏக்கம் எதைப் பற்றியது என்று முதலில் கேட்க வேண்டும். நல்ல நூலகம், நேரத்துக்கு வரும் உதவித்தொகை, பெயர் சொல்லி அழைக்கும் பேராசிரியர் எல்லாம் அதில் உண்டு. அதற்கும் அடியில் வேறொன்று இருக்கிறது. அங்கே அறை வாடகைக்குக் கேட்டபோது வீட்டுக்காரர் முன்பணத்தைப் பற்றி மட்டும் கேட்டார். இங்கே "எந்த ஊரு?" என்று தொடங்கி, "ஊருல எந்தப் பக்கம்?" என்று போய், நம் மாவட்டத்தில் "ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா, எந்தச் சபை?" என்று முடிகிறது. மூன்றாவது கேள்விக்குள் சாதி தெரிந்துவிடும். அதன்பிறகு அறை காலியில்லை. ஓராண்டு இந்தக் கேள்வி இல்லாமல் வாழ்ந்த ஒருத்திக்கு, அது மறுபடி தொடங்கும்போது மூச்சு முட்டுவது இயல்புதான்.

இந்த மூச்சுமுட்டலை நம்மில் முதலில் அறிந்தவர்களில் ஒருவர் அண்ணல் அம்பேத்கர். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் தந்த உதவித்தொகையில் 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். 1916-இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. வேறொரு கப்பலில் அனுப்பிய அவருடைய புத்தகங்கள், உலகப் போரில் அந்தக் கப்பல் தாக்கப்பட்டபோது கடலுக்குள் போயின. ஒப்பந்தப்படி பரோடா அரசில் வேலைக்குச் சேர்ந்தார். தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் அடையாளத்தை மறைத்துத் தங்கியவரை, பதினோராம் நாள் தடிகளோடு வந்த கூட்டம் வெளியேற்றியது. வெளிநாட்டு வாழ்க்கையில் தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பே மறந்துபோயிருந்ததாகப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். பரோடா அதை நினைவுபடுத்தியது.

அவரும் திரும்பிப் போகத்தான் நினைத்தார். நான்காண்டுகளுக்குள் வந்து படிப்பைத் தொடரலாம் என்ற அனுமதியை லண்டன் பல்கலைக்கழகத்தில் வாங்கிவைத்துவிட்டுத்தான் கப்பல் ஏறியிருந்தார். ஆக அந்த மூன்றாண்டுகளும் அவர் மனதில் ஒரு தேதி ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தேதியை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்பதுதான் நமக்கு முக்கியம்.

1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். பொதுத் தண்ணீர்ப் பானையை அவர் தொடக் கூடாது என்று சக ஆசிரியர்கள் சிலர் எதிர்த்த கல்லூரி அது. அங்கே வேலை பார்த்துச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். 1919-இல் சவுத்பரோ குழு முன் சாட்சியம் அளித்து, ஒடுக்கப்பட்டோருக்கு வாக்குரிமையும் தனிப் பிரதிநிதித்துவமும் கேட்டார். 1920 ஜனவரி 31-இல் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு மார்ச்சில் மாண்காவ் மாநாட்டில் கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜோடு மேடையேறினார். ஜூலையில் சேமிப்பும், சாகு மகராஜின் உதவியும், நண்பர் நவல் பத்தேனா கொடுத்த கடனும் கையில் இருக்க லண்டனுக்குக் கப்பல் ஏறினார். 1921-இல் எம்.எஸ்சி., 1922-இல் வழக்கறிஞர் தகுதி, 1923-இல் டி.எஸ்சி.

இதழைத் தொடங்கிய ஆறு மாதத்தில் அவர் வெளிநாடு போனார். அதைக் களத்தை விட்டு ஓடியது என்று இன்று யாராவது சொல்வோமா? போக வேண்டும் என்ற எண்ணம் அவரை இங்கே வேலை செய்யவிடாமல் தடுக்கவில்லை. இங்கே இருந்த வேலை அவரைப் போகவிடாமலும் தடுக்கவில்லை.

ஆனால் அவருக்குக் கிடைத்தது மன்னர்களின் தயவு. நமக்கு வேண்டியது உரிமை. அந்த உரிமை இன்று எந்த நிலையில் இருக்கிறது?

ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள். அதில் பட்டியல் சாதியினருக்கு 115. நாடு முழுவதற்கும் இவ்வளவுதான். 2025-இல் தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டுமே முதலில் கடிதம் போனது. மற்ற 66 பேருக்கு நிதி இருந்தால் தருவோம் என்றார்கள். கல்லூரி திறக்கும் தேதி நெருங்கும்போது இந்தப் பதிலைக் கேட்ட பிள்ளையின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

அதற்கு முன்பே, 2022-இல் இன்னொரு விதி வந்தது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுக்கு இந்தத் தொகை கிடையாது. அம்பேத்கர் 1916 மே 9-இல் கொலம்பியா கருத்தரங்கில் வாசித்த கட்டுரை, இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின என்பதைப் பற்றியது. இன்றைய விதிப்படி அந்தத் தலைப்போடு விண்ணப்பித்தால் அவருக்கே பணம் கிடைக்காது. சாதியை அதன் பிடிக்கு வெளியே நின்று ஆராயும் வாய்ப்பை நம் பிள்ளைகளுக்கு மறுப்பதுதான் இந்த விதியின் விளைவு.

நம் மாவட்டத்துக்கு வந்தால் கதவு இன்னும் குறுகலாகிறது. மயிலாடியில் வேதமாணிக்கம் அழைத்து ரிங்கல்தௌபே 1806-இல் வந்த காலத்திலிருந்து, இங்கே ஒடுக்கப்பட்ட மக்களில் பெரும் பகுதி கிறித்தவர்கள். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை அவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் உள்ளே வந்தார்கள். கிறித்தவரும் இசுலாமியரும் இன்னும் வெளியேதான். மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகையில் கிறித்தவராக மாறிய ஆதிதிராவிடருக்கும் இடமுண்டு; ஒன்றிய அரசின் திட்டத்தில் கிடையாது. கடியப்பட்டணத்து மீனவர் வீட்டுப் பிள்ளைக்கும் அதில் இடமில்லை. மீனவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை பல காலமாகக் கோரிக்கையாகவே கிடக்கிறது. அந்த வீட்டில் அப்பா வளைகுடாவுக்குப் போகலாம். மகள் ஆய்வுக்குப் போக வழியில்லை.

ஏங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாடு சாதியற்ற சொர்க்கம் அல்ல. நம்மவர்கள் சாதியையும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகிறார்கள். கலிபோர்னிய மாநிலப் பல்கலைக்கழகம் 2022-இல் தன் பாகுபாட்டுத் தடை விதியில் சாதியைச் சேர்த்ததும், சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்ததும், அங்கே அது இருப்பதால்தான். அதே ஆண்டு கலிபோர்னியச் சட்டமன்றம் நிறைவேற்றிய சாதித் தடை மசோதாவை அந்த மாநில ஆளுநர் அக்டோபரில் நிராகரித்தார். அங்கேயும் போராட்டம் உண்டு. அதற்கும் ஆள் வேண்டும்.

ஆகவே திரும்பிப் போகக் காத்திருக்கும் தோழர்களே, குற்றவுணர்வை விடுங்கள். அங்கே சேர்க்கை கிடைத்திருந்தால், தள்ளிவைக்க முடியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பேராசிரியர் பரிந்துரைக் கடிதம் எல்லாம் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். இங்கே இருக்கும் ஆய்வையும் அரைமனதோடு செய்யாதீர்கள். நாளை உங்களுக்காகப் பேசப்போவது அதுதான். உதவித்தொகை தாமதமானால் தனியாகப் புலம்பாமல், பாதிக்கப்பட்ட எல்லோரும் சேர்ந்து கையெழுத்திட்டு மனு கொடுங்கள். விடுதியில் புதிதாக வந்து மூலையில் ஒதுங்கி நிற்கும் இளங்கலைப் பிள்ளையிடம் போய்ப் பேசுங்கள்.

இயக்கங்களாகிய நாம் செய்ய வேண்டியதும் உண்டு. 2022 விதியை நீக்கவும், தேர்வான அனைவருக்கும் படிப்பு தொடங்கும் முன்பே நிதி வழங்கவும், 1950 ஆணையைத் திருத்தவும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். போக விரும்பும் பிள்ளைகளை நன்றி கெட்டவர்கள் என்று பேசுவதை இன்றோடு நிறுத்த வேண்டும்.

அம்பேத்கர் 1942-இல் வைஸ்ராயின் நிர்வாக சபையில் அமர்ந்த சில மாதங்களிலேயே, ஒடுக்கப்பட்ட மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க அரசு பணம் தர வேண்டும் என்று மனு எழுதினார். தான் போய்வந்த வழியில் மற்றவர்களும் போக வேண்டும் என்று நினைத்தார். நீங்களும் போகும்போது உங்கள் விண்ணப்பத்தின் நகல் ஒன்றை ஊரில் கொடுத்துவிட்டுப் போங்கள். அடுத்த பிள்ளைக்கு அது தேவைப்படும்.