டெண்டரில் நேரமும் இடம்பெற வேண்டும்

ஒரு காலத்தில் தென்னிந்திய ரயில்வேயின் தலைமையிடமாக விளங்கிய திருச்சிராப்பள்ளிக்கு, ஊருக்கு ஊர் வேறுபட்ட நேரத்தை வைத்துக்கொண்டு ரயில் ஓட்ட முடியாது என்பது பழைய பாடம். சென்னை வானோக்கு நிலையத்தின் நேரத்தை அனுசரித்து வண்டிகள் ஓடியதும், 1906 ஜனவரி 1 முதல் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்திய இந்திய நேரம் வழக்குக்கு வந்ததும் சரித்திரம். அன்று நிமிஷக் கணக்கில் தீர்ந்த அந்தப் பிரச்சினை, இன்று விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்காகிய மைக்ரோ செகண்டில் மறுபடியும் எழுந்திருக்கிறது. அதன் தீர்வு நெட்வொர்க் ஸ்விட்சை அமைப்பவரின் கவனத்தைப் பொறுத்திருக்கிறது என்பதைப் பலர் உணரவில்லை.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்பாதை வழியாகத் தென் மாநில மின்தொகுப்பு நாட்டின் ஏனைய தொகுப்போடு இணைந்தது முதல், திருச்சியிலும் டில்லியிலும் மின்சாரம் ஒரே கதியில் அலைகிறது. அந்த அலையை இரண்டு இடங்களில் அளந்து ஒப்பிடும்போது, கடிகாரத்தில் ஒரு மில்லி செகண்ட் பிசகினாலும் கணக்கு 18 டிகிரி தவறிவிடும். கோளாறு நேர்ந்த பின் எந்த பிரேக்கர் முதலில் டிரிப் ஆயிற்று என்று ஆராய்வோருக்கும் ரிலேக்கள் பதிந்த நேரமே சாட்சி. 2003 ஆகஸ்டில் அமெரிக்கா, கனடா நாடுகளின் சில பகுதிகள் இருளில் மூழ்கியபோது, பல பதிவுகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகாமையால் நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்துவதே விசாரணைக் குழுவுக்குப் பெரும்பாடாயிற்று.

இதற்கான மார்க்கமே ஐ.இ.இ.இ. 1588 என்ற தர நிர்ணயம் வகுத்த பி.டி.பி. முறை. செயற்கைக்கோளிடம் நேரம் பெறும் தலைமைக் கடிகாரம் அதைச் செய்தியாக அனுப்ப, பெறும் சாதனம் போய்வரும் தாமதத்தைக் கணக்கிட்டுத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. கண்ணாடி இழையில் கிலோமீட்டருக்குச் சுமார் ஐந்து மைக்ரோ செகண்ட் என்னும் தாமதம் நிலையானது, கணக்கில் அடங்கிவிடும். ஆனால் இடையிலுள்ள ஸ்விட்சில், மற்றத் தகவல்களின் பின்னே இச்செய்தி எவ்வளவு நேரம் காத்து நின்றது என்பது கணத்துக்குக் கணம் மாறுமாதலால், அதை ஸ்விட்சே அளந்து செய்தியில் குறித்தனுப்ப வேண்டும், அல்லது தானே நேரத்தைப் பெற்றுத் தன்கீழ் உள்ளவற்றுக்கு வழங்க வேண்டும். இவ்வசதியைத் துவக்காமல் விட்டால், எத்தனை விலைக்குக் கடிகாரம் வாங்கியும் பிரயோஜனமில்லை. இன்னும் அபாயகரமானது, எண் சிறியதாயின் தலைமை என்று தீர்மானிக்கும் முன்னுரிமை எண்: வழக்கமாக 128 என்றிருக்கும் அதை, யாரோ அறியாமல் சிறிய எண்ணாக வைத்த ஒரு சாதாரண சாதனம், செயற்கைக்கோள் நேரம் உடைய கடிகாரத்தையும் விலக்கிவிட்டுத் தலைமை ஏற்றுவிடும்.

எல்லா இடத்துக்கும் இத்தனை நுட்பம் வேண்டும் என்று நான் வாதிக்கவில்லை. வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் பரமபத வாசல் திறக்கையில் திரளும் ஜனக்கூட்டத்தைக் காக்கும் கேமராக்களுக்கு நெட்வொர்க் வழியே மில்லி செகண்ட் அளவில் நேரம் பெறும் என்.டி.பி. முறையே போதும், ஆயினும் காணாமற்போன குழந்தையை ஒரு கேமராவிலிருந்து மற்றொன்றுக்குத் தொடர்ந்து தேட, அவையனைத்தும் ஒரே நேரத்தைக் காட்டுவது அவசியம். கணினிகளின் நேரம் தேசிய இயற்பியல் ஆய்வகம் அல்லது தேசியத் தகவலியல் மையத்தின் நேரத்தைத் தழுவியிருக்க வேண்டுமென்று 2022 ஏப்ரல் 28 அன்றே மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்–இன் உத்தரவிட்டிருக்கிறது.

ஆகவே திருச்சியில் ஸ்விட்ச் வாங்கும் ஒவ்வொரு பொது நிறுவனமும், நேரம் எங்கிருந்து வருகிறது, ஸ்விட்ச் அதை எம்முறையில் கடத்துகிறது, செயற்கைக்கோள் தொடர்பு அறுந்தால் எத்தனை நேரம் தாங்கும், சோதித்துக் கையொப்பமிட்டவர் யார் என்பவற்றை டெண்டரிலேயே கேட்டுப் பெற வேண்டும். அச்சோதனை முடியும்வரை ஒப்பந்தக்காரருக்கு இறுதித் தொகையை வழங்கலாகாது.