எல்லாக் கனவும் கடலிலிருந்து வருவதில்லை

வேளாங்கண்ணிக் கரையில் ஒருவர் கொடுங்கனவு கண்டு அலறி எழுந்தால் யாரும் காரணம் தேடுவதில்லை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை வந்த அலை யாத்ரீகர்களை நூற்றுக்கணக்கில் கொண்டுபோயிற்று. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் மாண்டவர் 6,000க்கும் மேல். அதன்பின் இங்கே கெட்டுப்போன உறக்கங்களுக்கெல்லாம் ஒரே விளக்கம்தான்: சுனாமி. அந்த ஒற்றை விளக்கம் போதாது என்பது என் கட்சி.

அன்று எட்டு வயதாயிருந்த பிள்ளை இன்று முப்பதை ஒட்டி நிற்கிறது. எதிலும் நிலைகொள்ளாத மனம், பாதியில் நின்றுபோகும் வேலைகள், நள்ளிரவு கடந்தும் வராத உறக்கம், விடியலில் கொடுங்கனவு. இவை பேரதிர்ச்சியின் வடுவாக இருக்கலாம். பிறவியோடு வந்த கவனக்குறைவுக் கோளாறாகவும் இருக்கலாம். அக்கோளாறு உள்ள பெரியவர்களில் பலருக்கு உடலின் உறக்கக் கடிகாரமே பின்தங்கி ஓடுகிறது. இரவை அறிவிக்கும் மெலடோனின் தாமதமாகவே சுரக்கிறது. கொடுங்கனவுகளும் இவர்களிடம் மிகுதி என்று ஆய்வுகள் காட்டுகின்றன. வடுவும் கோளாறும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு.

பிரித்தறிவது எப்படி? அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும் என்கிறது. அதற்குச் சாட்சி தாய், தந்தை, பள்ளி ஆசிரியர். சிக்கல் இங்கேதான். சாட்சி சொல்ல வேண்டிய தாயையே அலை கொண்டுபோன வீடுகள் இக்கரையில் உண்டு. "இவன் அதற்கு முன்னரே இப்படித்தான்" என்று சொல்ல அங்கே ஆளில்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சிகிச்சை இருக்கிறது. அதிர்ச்சியின் கனவுக்கு, அதன் முடிவை விழிப்பில் மாற்றியமைத்து மனத்துள் ஒத்திகை பார்க்கும் முறை உண்டு. கவனக்குறைவுக்கு மருந்தும் நேர ஒழுங்கும் காலை வெளிச்சமும் வேண்டும். அம்மருந்தையே பொழுது சாய்ந்து உட்கொண்டால் உறக்கம் இன்னும் தள்ளிப்போகும். இரண்டையும் குழப்பிவிட்டு வெறும் தூக்க மாத்திரையோடு வருடங்களைக் கழிப்பதில் பொருளில்லை.

இது மேல்நாட்டாரின் புதுப்பெயர் என்று ஒதுக்குவோரும் உண்டு. நாம் இதுவரை வைத்திருந்த பெயர்கள் மட்டும் என்னவாம்? சோம்பேறி, பொறுப்பற்றவன், காற்று கறுப்பு அண்டியவள். இவற்றில் எதுவும் ஒருவரையும் உறங்க வைத்ததில்லை.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை ஆரோக்கிய மாதாவின் திருவிழாவுக்கு நெடுந்தொலைவு நடந்து வருகிறார்கள். உடற்பிணியை அங்கே வாய்விட்டுச் சொல்ல எவரும் கூசுவதில்லை. உறக்கத்தின் பிணியையும் அப்படியே மருத்துவரிடம் சொல்லலாம். அரசின் 14416 என்ற மனநல உதவி எண் 2022 முதல் இயங்குகிறது. தாய் இல்லாத இடத்தில் சித்தியையும் மூத்த அக்காவையும் பழைய ஆசிரியரையும் கேட்கலாம். அலைக்கு முந்திய அந்தப் பிள்ளை எப்படி இருந்தது என்று ஊரில் யாருக்காவது நினைவிருக்கும். நினைவிருப்பவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.