பழம்பாட்டும் குழூஉக்குறியும்

பாட்டின் இன்பம் செவியளவில் முடிவதாயின், அதிலுள்ள சொல்லைப் பற்றி எவரும் கவலை கொள்ளார். மனித மனமோ அவ்வளவில் அமைவதன்று. பலகாலும் நாவிற் புரளும் ஒரு சொல்லுக்குப் பொருள் விளங்காவிடின், அது காலில் தைத்த முள்ளைப் போல உறுத்திக்கொண்டேயிருக்கும். 1950 முதலாக ஏறக்குறைய முப்பதாண்டுக் காலத்தில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் எழுந்த ராக் பாடல்களைக் கேட்போர் யாவரும் இவ்வுறுத்தலை அறிவர். கிதாரின் ஒலியும் முரசின் தாளமும் மனத்தை எளிதிற் கவர்ந்துகொள்கின்றன. இடையே வரும் கொச்சைச் சொற்களோ, அகராதியை எத்துணை புரட்டினும் அகப்படாது நழுவுகின்றன. கல்லூரி விழாக்களில் அப்பாடல்களை ஆர்வத்தோடு பாடும் நம் மாணவ நண்பர்கள், அச்சொற்களைப் பற்றிச் சிறிது சிந்தித்தல் நலமென்று கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

நம் இலக்கண நூலார் இத்தகைய சொற்களைத் தகுதி வழக்கில் வைத்து, குழூஉக்குறி எனப் பெயரிட்டனர். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் நாம் பள்ளியிற் கற்ற உதாரணங்களாம். ஒரு கூட்டத்தார் ஏதேனுமொரு காரணம் பற்றித் தமக்குள் வழங்குவது என்பதே அதன் இலக்கணம். பொருளறியும் வழியும் அப்பெயரிலேயே அடங்கியுள்ளது. குழுவை அறியாதான் குறியை அறியான். ராக் பாடல்களின் புதிர்ச் சொற்களுக்கும் இவ்விதியே பொருந்தும் என்பது நம் துணிபு. அதனை மறந்து, தம் மனத்திலுள்ளதையே சொல்லின்மேல் ஏற்றியுரைத்தோர் அடைந்த பயன்கள் நகைப்பிற்குரியனவாகவும் சிலபோது அச்சம் விளைப்பனவாகவும் இருந்திருக்கின்றன.

ராக் இசைக்கு வேராய் நின்றது அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையும் பேச்சும் ஆகும். 1952ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிக் மாமா தார்ன்டன் என்னும் கறுப்பினப் பாடகியார் 'ஹவுண்ட் டாக்' என்ற பாட்டை இசைத்தட்டிற்காகப் பாடினார். அதை இயற்றியவர்கள் ஜெரி லீபர், மைக் ஸ்டோலர் என்னும் பத்தொன்பது வயதினரான இளைஞர் இருவர். ஹவுண்ட் டாக் என்பதன் நேர்ப்பொருள் வேட்டைநாய். அம்மக்களின் வழக்கிலோ, ஒரு பெண்ணின் உழைப்பில் உண்டு வாழ்ந்து, அவளுக்கு உண்மையின்றித் திரியும் ஆடவனை அது குறித்தது. அத்தகையவனை இனி வாராதே என்று விரட்டும் பெண்ணின் சினமே அப்பாட்டின் உயிராகும். 1956இல் எல்விஸ் பிரெஸ்லி பாடியபோது, சொற்கள் சில மாற்றப்பட்டு, முயல் பிடிக்கத் தெரியாத மெய்யான நாயைப் பற்றிய பாட்டாக அது ஆகிவிட்டது. இயற்றியவருள் ஒருவராகிய லீபர் அம்மாற்றத்தை விரும்பினாரில்லை. பாட்டு உலகெங்கும் பரவிற்று. ஆயின் அப்பெண்ணின் நியாயம் அதனுள்ளிருந்து நீங்கிப்போயிற்று. குழுவை மறந்ததனால் குறியும் வெறும் நாயாயிற்று.

இங்கே இழக்கப்பட்டது ஒரு பொருள். பிறிதோரிடத்தில், இல்லாத பொருள் ஏற்றப்பட்டுப் பெருந்தீமைக்கு மறைப்பாயிற்று. பீட்டில்ஸ் குழுவினர் 1968இல் வெளியிட்ட 'ஹெல்டர் ஸ்கெல்டர்' என்ற பாட்டை நண்பர் பலர் கேட்டிருப்பர். ஒழுங்கின்றி விரைந்தோடுதலைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல் அது. அதுவே இங்கிலாந்தின் திருவிழாப் பொருட்காட்சிகளில் உள்ள ஒரு விளையாட்டிற்கும் பெயராயிற்று. உயர்ந்த கோபுரமொன்றைச் சுற்றி வளைந்திறங்கும் சறுக்குப் பாதையில், சிறுவர் பாயின்மீது அமர்ந்து கீழே சறுக்கி வருவர். இங்கிலாந்திற் பிறந்த சிறுவர்க்கெல்லாம் தெரிந்த இச்செய்தி, கடல் கடந்த அமெரிக்காவிற் பெரும்பாலும் வழங்காதது. கலிபோர்னியாவில் தன்னைச் சூழ்ந்த இளைஞரை மயக்கி ஆண்டுகொண்டிருந்த சார்லஸ் மான்சன் என்பவன், வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் மூளவிருக்கும் போரை அச்சொல் முன்னறிவிக்கின்றது என்று அவர்கட்குப் போதித்தான். 1969 ஆகஸ்டு மாதத்தில் அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் அக்கூட்டத்தார் ஏழு பேரைக் கொன்றனர். கொலையுண்டாரின் வீடொன்றில் அச்சொல்லைக் குருதியால் எழுதியும் வைத்தனர். அதையும் பிழைபட எழுதினர்! கொலைக்குக் காரணம் மான்சனுடைய கொடுமையேயன்றிப் பாட்டன்று. ஆயினும், விளங்காத சொல் வெற்றிடமாய் நிற்கும்போது, தீயோன் தன் சரக்கை அங்கே எளிதில் இறக்கி வைக்கிறான் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

தீயோர் மட்டுமோ? நல்லெண்ணமுடைய பெற்றோரும் அரசாங்கத்தாரும் இவ்வாறே மயங்கியதுண்டு. ரிச்சர்ட் பெர்ரி என்பவர் 1957இல் வெளியிட்ட 'லூயி லூயி' என்னும் பாட்டு, கரிபியத் தீவுகளின் பேச்சு நடையைப் பின்பற்றியது. தன் காதலியைக் காண ஜமெய்க்காவுக்குத் திரும்ப விழையும் மாலுமி ஒருவன், மதுக்கடைப் பணியாளனிடம் தன் ஏக்கத்தைச் சொல்லுவதே அதன் செய்தி. 1963இல் கிங்ஸ்மென் குழுவினர் அதைப் பாடிப் பதிவு செய்தபோது சொற்கள் குழறிக் கேட்டன. தெளிவாகக் கேளாத இடத்தில் ஆபாசம் உளதென்ற வதந்தி பரவியது. இண்டியானா மாநில ஆளுநரே அதனை எதிர்த்தார். அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையினர் இசைத்தட்டைப் பல வேகங்களிற் சுழற்றிக் கேட்டு, இறுதியில், எவ்வேகத்திலும் அது விளங்கவில்லை என்று முடிவு கூறினர். ஏக்கமுற்ற மாலுமியின் எளிய காதலுரை, அரசாங்கக் கோப்புகளில் நூற்றுக்கு மேற்பட்ட தாள்களைப் பெற்றது. ஐயுறுவார் செவிக்கு ஐயமே கேட்கும் போலும்!

இனி, நன்கு முடிந்த தேடல் ஒன்றைக் கூறுவோம். ஸ்டீவ் மில்லர் குழுவினரின் 'தி ஜோக்கர்' என்னும் 1973ஆம் ஆண்டுப் பாட்டில் 'பாம்படஸ்' என்றொரு சொல் வருகிறது. காதலொடு தொடர்ந்து வரும் அச்சொல் எந்த அகராதியிலும் காணப்படாமையால், இரசிகர் பல்லாண்டு திகைத்தனர். 1996இல் அதனையே தலைப்பாகக் கொண்டு திரைப்படம் ஒன்றும் வெளிவந்தது. ஆராய்ந்தோர் அதன் மூலத்தை 1954இல் மெடாலியன்ஸ் என்ற கறுப்பினக் குழு பாடிய 'தி லெட்டர்' என்ற பாட்டிலே கண்டனர். அதை இயற்றிப் பாடிய வெர்னன் கிரீன் அப்போதும் உயிரோடிருந்தார். அவரையே வினவ, அது இளம்பருவத்தில் தாமே படைத்துக்கொண்ட சொல் என்றார். பாவையை ஒத்த, தம் கனவில் மட்டும் வாழ்ந்த காதலியை அது குறித்ததாம். அவர் சொன்னது வேறோர் ஒலி. கேட்டவர் செவியில் அது திரிந்து 'பாம்படஸ்' ஆயிற்று. ஏட்டைப் படியெடுப்போர் கையிற் பாடபேதம் தோன்றுதல் போன்றதே இதுவும். பல்லாண்டுத் திகைப்பு, உரியவரைக் கேட்டவுடன் தீர்ந்தது.

"இசைக்கு ஏன் இத்துணை ஆராய்ச்சி? கேட்டு மகிழ்தல் போதாதோ?" என்று சிலர் வினவலாம். அவ்வினாவில் உண்மை இல்லாமலில்லை. லிட்டில் ரிச்சர்டு 1955இல் பாடிய 'டூட்டி ஃப்ரூட்டி'யின் தொடக்க ஒலிகள், முரசின் தாளத்தை வாயாற் சொல்வனவேயாம். அங்கே பொருள் தேடுதல் வீண். பீட்டில்ஸ் குழுவினராகிய ஜான் லெனான், தாம் படித்த பள்ளியிலே தம் பாடல்களை ஆசிரியர் ஒருவர் மாணவர்க்கு ஆராய்ந்து கற்பிக்கின்றார் என்றறிந்து, பொருள் காண்பாரை மயக்குதற்கென்றே 1967இல் 'ஐ ஆம் தி வால்ரஸ்' என்ற பாட்டிற் குழப்பமான சொற்களை வேண்டுமென்றே அடுக்கினார். ஆசிரியராயினார் இதனைப் புன்முறுவலோடு நினைவிற் கொள்க. ஆயின், இங்கே பொருளில்லை என்று துணிவதும் ஓர் ஆராய்ச்சியின் முடிவேயன்றோ? ஆராயாமலே பொருளில்லை என்று தள்ளுவது சோம்பல். ஆராயாமலே தன் பொருளைத் திணிப்பது செருக்கு.

ஆதலின், மாணவ நண்பர்களே, பாட்டிலே விளங்காச் சொல் எதிர்ப்படின், இதைச் சொன்னவர் யார், எவ்வூரார், எக்காலத்தார், எவரை நோக்கிச் சொன்னார் என்று முதலில் வினவுங்கள். இக்காலத்தே கைப்பேசியைத் தொட்ட அளவில் ஒரு சொல்லுக்கு ஒன்பது விளக்கங்கள் வந்து நிற்கின்றன. அவற்றுள் முதலில் வந்ததை உண்மை என்று கொள்ளற்க. சொல்லுக்கு உரியவர் உயிரோடிருப்பின், அவரைக் கேட்பதே தலையாய வழி. அவர் மறைந்தபின் எவ்வளவு கற்பனை செய்யினும், நமக்கு எஞ்சுவது ஊகமே. அயலார் சொல்லுக்கு அவர் கருதிய பொருளை அளிப்பது, அவர்க்கு நாம் செய்யும் மரியாதைகளுள் தலைசிறந்தது. அம்மரியாதையைக் கற்பித்தலினும் உயர்ந்த பணி ஒரு கல்லூரிக்கு வேறு யாதுளது?