கடைக்குப் பின்னால் ஒரு தூசி அறை!

தேவகோட்டைக் கடைவீதியில் மிளகாய் வற்றல் கேட்கிறோம். சிப்பந்தி உள்ளே ஓடிப்போய் எடுத்து வருகிறார். அவர் போய்வந்த அறையை நாம் பார்ப்பதே இல்லை!

பல கடைகளில் அந்தச் சரக்கு அறைக்கு ஒரே வாசல்தான். ஜன்னல் இருந்தாலும் மூட்டைகள் மறைத்திருக்கும். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் முற்றம் விட்டு வீடு கட்டிய சீமை இது. இங்கே, நாள் முழுதும் வேலை செய்யும் அறையில் காற்று இல்லாமல் இருக்கலாமா?

தூசி என்ன செய்யும்?

பெரிய தூசி மூக்கிலேயே தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி நுரையீரலின் ஆழம்வரை போகும். மாவுத் தூசியால் சிலருக்கு ஆஸ்துமா வரும். பூஞ்சணம் பிடித்த தானியத்தின் தூசி நுரையீரலையே கெடுக்கும். இது புதிய சேதி அல்ல. தானியம் சலிப்பவர்களுக்கும் அளப்பவர்களுக்கும் வரும் மூச்சு நோயைப் பற்றி, இத்தாலிய வைத்தியர் ராமாசினி 1700-ஆம் ஆண்டிலேயே எழுதினார்.

வண்டு விழாமலிருக்க வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை இன்னும் அபாயமானது. காற்றின் ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்ற விஷவாயு கிளம்பும். அது உயிரையே குடிக்கும். பயிற்சி பெறாதவர்கள் அதைத் தொடவே கூடாது.

எப்படி அறிவது?

வேலை நாளில் இருமலும் இழுப்பும் வந்து, விடுமுறையில் குறைகிறதா? அறையைச் சந்தேகியுங்கள். வைத்தியரிடம் உங்கள் தொழிலையும் சொல்லுங்கள். இரண்டு வாரம் இருமல் நீடித்தால் அரசு ஆஸ்பத்திரியில் காசநோய்ப் பரிசோதனை இலவசம்.

என்ன செய்யலாம்?

மூக்கில் கட்டும் துண்டு நுண்தூசியை நிறுத்தாது. என்-95 முகக்கவசம் தூசியைத் தடுக்கும், விஷவாயுவைத் தடுக்காது. உலர்ந்த தரையைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி பறக்கும்; ஈரத் துணியால் துடைப்பதே நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக ஜன்னலைத் திறக்க வேண்டும். தூசியை வெளியே தள்ளும் விசிறி ஒன்றும் வேண்டும்.

கடைகள் சுத்தமாகவும் காற்றோட்டமாகவும் இருக்க வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் சொல்கிறது. நின்றுகொண்டே வேலை செய்யும் சிப்பந்திகளுக்கு உட்கார ஆசனம் தரவேண்டும் என்று 2021-ல் அதே சட்டம் திருத்தப்பட்டது. கால்வலிக்கு ஆசனம் கிடைத்தது, நல்லது. நெஞ்சுவலிக்கு ஜன்னல் வேண்டாமா?

முகக்கவசத்தை மாட்டுவது தொழிலாளியின் கையில் இருக்கிறது. சுவரில் ஜன்னல் வைப்பது முதலாளியின் கையில்தான் இருக்கிறது. சரக்கு கெடாமல் காப்பவர்கள், அதைச் சுமப்பவரின் மூச்சையும் காக்கட்டும்!