காற்றை விலைக்கு வாங்கும் வீடுகள்

 

நம் மஹல்லாவில் ஒரு வீட்டார், பதினாறு வயது மகளின் களைப்பு நீங்க மூன்று மாதங்களாக ஆக்ஸிஜன் டப்பாவும் ஆக்ஸிஜன் ஏற்றிய குடிநீரும் வாங்கிக் கொடுத்து வந்தனர். மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருக்கையில் அவள் மயங்கி விழுந்த பின்னரே இரத்தப் பரிசோதனை நடந்தது. ஹீமோகுளோபின் 7, குறைந்தது 12 இருக்க வேண்டும். காற்றில் குறைவில்லை, அதைச் சுமக்கும் இரத்தத்தில்தான் குறைவு. அவளுக்குத் தேவைப்பட்ட இரும்புச்சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம். அதைக் கொண்டே நலமுள்ளவரின் இரத்தம் 95 சதவீதத்திற்கு மேல் நிறைந்துவிடுகிறது. நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றுவதற்கா இத்தனை செலவு? டப்பாவில் இருப்பது ஐந்து முதல் பத்து லிட்டர். சும்மா அமர்ந்திருப்பவரே நிமிடத்திற்கு ஆறேழு லிட்டர் காற்றை இழுக்கிறார். குடிநீரின் கதை இன்னும் வேடிக்கை. ஒரு லிட்டர் சாதாரண நீரில் கரைந்திருப்பது சுமார் 8 மில்லிகிராம். அதைப் பத்து மடங்காக்கினாலும் நாம் ஒருமுறை இழுக்கும் மூச்சிலுள்ள அளவுக்கு ஈடாகாது. மேலும், இரைப்பை நுரையீரல் அன்று.

35 சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடை நீரில் சொட்டிக் குடிக்கச் சொல்வோரும் உளர். அது வயிற்றைப் புண்ணாக்கும் நஞ்சு. அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2006இலேயே எச்சரித்துவிட்டது.

ஆக்ஸிஜன் செறிவூட்டி வேறு வகை. அது நோயாளிக்கு உரியது. அளவை மருத்துவரே குறிக்க வேண்டும். நாட்பட்ட நுரையீரல் நோயாளர் சிலருக்கு மிகையான ஆக்ஸிஜனே ஆபத்தாகும். 2021 மே மாதத்தில் ஒரு சிலிண்டருக்காக நம் இளைஞர்கள் இரவெல்லாம் அலைந்தார்களே, அன்று அது உயிர்காக்கும் மருந்து. அந்த நாட்களின் அச்சத்தைத்தான் இன்று டப்பாவில் அடைத்து விற்கிறார்கள்.

"தீங்கில்லையே, வாங்கினால் என்ன ஹஜ்ரத்?" என்று கேட்கிறார்கள். அந்தப் பிள்ளை இழந்த மூன்று மாதங்கள் தீங்கில்லையா? மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் விளைவுக்குப் பொறுப்பாளி என்பது நபி (ஸல்) அவர்களின் தீர்ப்பு. விளம்பரத்தைக் குடும்பக் குழுக்களில் பரப்புவோர் இதைத் தமக்கும் பொருத்திப் பார்க்கட்டும்.

பெண் பிள்ளை ஓயாமல் களைத்திருந்தால், படியேறுகையில் மூச்சு வாங்கினால், கீழிமையின் உட்புறம் வெளுத்திருந்தால், முதலில் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ரமளானுக்கு முன் மத்ரஸா மாணவியர் அனைவருக்கும் அப்பரிசோதனையை நடத்துமாறு நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்துள்ளோம். பதில் இன்னும் வரவில்லை.