மந்திரவாதியின் சிக்கனம்

1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவரின் கைவண்ணத்தில் பிறந்த 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் ஆதி நாட்களில், மந்திரவாதி வேடம் பூண்டவர் ஏட்டைப் பார்த்து மனத்தில் ஏற்றிக்கொண்ட மந்திரம், ஒருமுறை உச்சரித்த க்ஷணமே நினைவைவிட்டு அகன்றுவிடும் என்றொரு நியமம் இருந்தது. ஜாக் வான்ஸ் 1950-இல் வெளியிட்ட 'தி டையிங் எர்த்' நூலிலிருந்து இரவல் வாங்கிய கற்பனை அது.

முதற்படியில் நிற்பவருக்கு நாளொன்றுக்கு ஒரே மந்திரம். அதைப் பகைவர் கூட்டத்தையே உறங்கச் செய்யும் மந்திரமாக வைத்துக்கொள்வதும், அற்பச் சண்டைகளில் அதை விரயம் செய்யாமல் தோழர்களின் கேடயங்களுக்குப் பின்னே பொறுமையாக நிற்பதும் விவேகிகளின் மார்க்கம்.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்போ, சிறு மந்திரங்களை எத்தனை முறை வேண்டுமாயினும் ஏவலாம் என்று தாராளம் காட்டிற்று. ஆயினும் அதே பதிப்பு, மன ஒருமைப்பாட்டை வேண்டும் மந்திரங்களில் ஏககாலத்தில் ஒன்றையே தாங்கலாம் என்றும், அடிபட்டால் பகடை உருட்டி, குறைந்தது பத்தேனும் எட்டினாலன்றி அது கலைந்துவிடும் என்றும் விதித்தது. இது மெச்சத்தக்க ஏற்பாடு.

வரம்பற்ற சிறு மந்திரங்கள் யோசனைக்கு வேலையில்லாமல் செய்துவிட்டன என்பதே என் அபிப்பிராயம். புதிதாக ஆடத் தொடங்கும் இளைஞர்கள், ஓர் இரவேனும் பழைய நியமப்படி ஆடிப் பார்க்க வேண்டுகிறேன்.