ஒரு கம்பி, ஒரு தாள்

உழவர்கரை மூலக்குளத்தில் என் பெரியம்மா மகள் இருக்கிறார். எனக்கு அக்கா. வயது 52. ஒருநாள் சாயங்காலம் போன். "தம்பி, நாளைக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி வயர் வைக்கணுமாம். நர்ஸ் சொல்லிட்டுப் போயிட்டாங்க. கரண்ட் ஏதும் வைப்பாங்களாடா?"

சிரிக்காதீர்கள். எனக்கும் தெரியவில்லை. "எந்த இடத்துலக்கா?" என்று கேட்டேன். "அந்த இடத்துலதான்" என்றார்.

அந்த இடம் என்றால் மார்பு. 52 வயதில், சொந்தத் தம்பியிடம்கூட அந்தச் சொல் வாயில் வரவில்லை.

கரண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. மேமோகிராமில் சின்னதாக ஒரு கட்டியோ சுண்ணாம்புப் புள்ளிகளோ தெரிகிறது. ஆனால், கையால் தடவினால் தட்டுப்படாது. கத்தியோடு நிற்கும் சர்ஜன் எதை வெட்டுவார்? அதனால், பெரும்பாலும் ஆபரேஷன் அன்று காலையில், மரத்துப்போக ஊசி போட்டு, மேமோகிராம் அல்லது ஸ்கேன் பார்த்தபடியே, நுனியில் கொக்கி உள்ள மெல்லிய கம்பியை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். மறுமுனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பஞ்சு வைத்து ஒட்டிவிடுவார்கள். சர்ஜன் கம்பியைப் பிடித்தபடி போய் அந்தப் பகுதியை மட்டும் எடுப்பார். கம்பியும் கூடவே வந்துவிடும். எடுத்த சதையை எக்ஸ்ரே பிடித்து, சரியான இடம்தானா என்றும் பார்ப்பார்கள். கொக்கிக் கம்பி முறை 1976-லேயே மருத்துவ இதழில் வந்துவிட்டது. முழு மார்பையும் இழக்காமல் தப்பிக்க உதவுகிற கம்பி இது. நல்ல விஷயம்தானே? அதைச் சொல்வதற்கு என்ன கேடு?

வெளியூர்த் தனியார் மருத்துவமனை அது. பெயர் வேண்டாம். அக்காவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சம்மதப் படிவம் ஆங்கிலத்தில். கையெழுத்துப் போட்டவர் மாமா. கம்பி யார் உடம்பில்? அக்கா உடம்பில்!

இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. சமீரா கோலி வழக்கில் 2008 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொன்னது. மயக்கத்தில் இருந்த பெண்ணுக்காக அவருடைய தாயார் கொடுத்த சம்மதமே செல்லாது என்றது. பெற்ற தாய்க்கே இல்லாத உரிமை, மாமாவுக்கு எங்கிருந்து வந்தது?

"சொன்னா பயப்படுவாங்க சார்" என்பார்கள். சொல்லாததால்தான் அக்கா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. "கூட்டம் சார், நேரமில்லை" என்பார்கள். நான் பி.காம். படித்தவன், கணக்குப் போட்டே பேசுகிறேன். முதல் நாளே ஒரு தாளைக் கையில் கொடுத்தால் போதும். ஜெராக்ஸ் செலவு சில ரூபாய். கொடுக்காவிட்டால்? ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அதைச் சொல்லாமலே வருவார். ஆபரேஷன் தள்ளிப்போகும். தியேட்டர் காலி, டாக்டர் நேரம் வீண், குடும்பத்துக்கு இன்னொரு நாள் கூலி நஷ்டம். எது லாபம்?

அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும்? இவ்வளவுதான்: பவுடர், சென்ட், கிரீம் பூசாமல் வாருங்கள். சில பூச்சுகள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரியே தெரியும். நைட்டி வேண்டாம், முன்பக்கம் திறக்கிற ஜாக்கெட் போடுங்கள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எது ஒத்துக்கொள்ளாது என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். எப்போதிலிருந்து பட்டினி என்று கேட்டுக்கொள்ளுங்கள். தலை சுற்றினால் உடனே சொல்லுங்கள். கம்பியை இழுக்காதீர்கள். துணைக்கு ஒருவரை அழைத்து வாருங்கள்.

ஏழெட்டு வரி. இதை எழுத ஒரு டாக்டருக்கும் ஒரு தமிழ் வாத்தியாருக்கும் அரை மணி நேரம் போதாதா?

டாக்டர்களை மட்டும் திட்டிவிட்டுத் தப்பிக்க நான் தயாரில்லை. பத்திரிகைக்காரர்கள் யோக்கியமா? அட்டைப்படத்தில் வியாபாரத்துக்கு உதவுகிற மார்பு, உள்ளே மருத்துவக் கட்டுரையில் 'அந்த இடம்' ஆகிவிடுகிறது. இந்தியப் பெண்களுக்கு அதிகம் வருவது மார்பகப் புற்றுநோய்தான். 2022-ல் மட்டும் சுமார் 1,92,000 புதிய நோயாளிகள் என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் மதிப்பீடு. ஆனால், 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பேசவே கூச்சப்படும் உறுப்பைப் பரிசோதிக்க யார் போவார்கள்?

உழவர்கரைக்கு இதில் முன்னே நிற்கும் தகுதி இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசான ஜிப்மர், இந்த நகராட்சி எல்லையில்தான் நிற்கிறது. கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. இவ்வளவு டாக்டர்கள் நடமாடும் ஊரில், ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒவ்வொரு பெண்ணின் கையிலும் தமிழில் ஒரு தாள் இருந்தே ஆகவேண்டும். சம்மதப் படிவத்தில் அவளுடைய கையெழுத்து இருந்தே ஆகவேண்டும்.

அக்கா இப்போது நன்றாக இருக்கிறார். கட்டி சாதாரணக் கட்டிதான். போன வாரம் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அதே கம்பி. அக்காவே போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறார். "மார்புலதான் வைப்பாங்க, வலி பொறுத்துக்கலாம்" என்றாராம்.

'மார்பு' என்று சொல்லிவிட்டார் பாருங்கள். எட்டாம் வகுப்புப் படித்த அக்காவால் முடிந்தது, பட்டம் வாங்கியவர்களால் முடியாதா?